யார் நிலத்தில் தற்சார்பு?

போன மாசி மாதம் தூத்துக்குடியில் ஒரு கூட்டம். ‘மண்ணுக்குத் திரும்புவோம்’ என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பேச வந்தவர் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு மேற்குமலை அடிவாரத்தில் ஆறு ஏக்கர் வாங்கிக் குடியேறியவர். படம் படமாகக் காட்டினார். மண் அடுப்பு, பஞ்சாரத்துக்குள் நாட்டுக்கோழி, தொழுவில் ரெண்டு பசு, சாணி மெழுகின முற்றம், அதில் வெறுங்காலோடு அவருடைய பிள்ளைகள். நல்ல மனுசன்தான். விசமில்லாத காய் தின்ன வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டை கிடையாது. ஆனால் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: “நம்ம ஜனங்க உழைக்க மறந்துட்டாங்க. கிராமத்தை விட்டு ஓடுனாங்க, உழைப்பு போச்சு, ஆரோக்கியம் போச்சு.” கைதட்டு கூரையைப் பிளந்தது.

என் பக்கத்தில் உப்பளத் தொழிலாளி ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். விடிய மூணு மணிக்கு அளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு, குளித்து, பூ வைத்து வந்திருந்தார். என் காதுப்பக்கம் குனிந்து கேட்டார்: “ஏட்டி, அந்த ஆறு ஏக்கரு அவருக்கு ஏது?”

வாங்கியிருக்கார் என்றேன்.

“வித்தவனுக்கு ஏது?”

அந்தக் கேள்வியை எழுந்து கேட்கலாம் என்று கை தூக்கினேன். நேரமாகிவிட்டது, வரகுப் பொங்கல் ஆறிப்போகும் என்றார்கள். ஆகவே இங்கே கேட்கிறேன். தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் நீளமாகத்தான் கேட்கப் போகிறேன்.

என் ஆச்சி உப்பளத்துக்காரி. வேப்பலோடைப் பக்கத்து அளங்களில் நாற்பது வருசம் பாத்தி மிதித்து, வாருபலகை இழுத்து, உப்புப் பெட்டியைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டியவள். உப்பளத்தில் வெயில் ரெண்டு: ஒன்று மேலே இருந்து, இன்னொன்று வெள்ளைப் பாத்தியிலிருந்து கண்ணுக்குள். அம்பது வயசிலேயே ஆச்சிக்குக் கண் மங்கல். பாதம் வெடித்து வெடித்துக் கடைசியில் செருப்புத்தோல் மாதிரி ஆகிவிட்டது. ஒதுங்க ஒரு மறைவு கிடையாது என்பதால் பகலெல்லாம் தண்ணி குடிக்காமலே இருந்து பழகியவள். இந்த உழைப்பை மறந்தவர்களின் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார் நம் பேச்சாளர்.

அவள் குடிசை அளத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் புறம்போக்கில் இருந்தது. அந்தத் தரையில் உமரியையும் உடைமரத்தையும் தவிர எதுவும் முளைக்காது. ஆச்சிக்கு ஒரு முருங்கை வைக்கணும் என்று ஆசை. உப்புத்தரையில் முருங்கை எங்கே பிழைக்கும்? வேலை முடிந்து வரும்போது குளத்து வண்டலை ஒரு பெட்டியில் சுமந்து வருவாள். தினமும் ஒரு பெட்டி. மூணு மாசம் சுமந்து, இடுப்பளவு குழி தோண்டி, உப்புமண்ணை அள்ளி வெளியே போட்டு, வண்டலை நிரப்பி, ஒரு கிளையை நட்டாள். குடிக்கிற தண்ணியையே குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிற இடம் அது. பாத்திரம் கழுவின தண்ணி, பிள்ளைகள் முகம் கழுவின தண்ணி எல்லாம் முருங்கைக்கு. மரம் பிடித்துக்கொண்டது. கீரை, காய், நிழல், அடியில் ரெண்டு கோழி. எங்கள் வம்சத்தில் முதல் தோட்டம் அதுதான்.

ஏழாவது வருசம் பாதையை அகலப்படுத்தணும் என்று அளத்துக்காரர் ஆள் அனுப்பி வெட்டிப் போட்டார். கேட்டதற்கு, தரை உன்னுதா என்று கேட்டாராம். ஆச்சி பதில் சொல்லவில்லை. பட்டா இல்லாதவள் என்ன பதில் சொல்ல? வெட்டின கிளையில் ஒன்றை எடுத்துவந்து ஈரத்துணி சுற்றி வைத்திருந்தாள். அதை நட அவளுக்கு மறுபடி இடம் கிடைக்கவில்லை.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். முதலாண்டில் ஐந்திணை. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் கருப்பொருள் எழுதச் சொன்னால் தூக்கத்தில்கூட எழுதுவேன். தெய்வம் சொல்லணும், உணவு சொல்லணும், விலங்கு, பறவை, மரம், பறை, யாழ், தொழில் எல்லாம் சொல்லணும். நிலம் யார் பேரில் என்பது மட்டும் பட்டியலில் கிடையாது. குறிஞ்சித் தலைவி தினைப்புனம் காக்கிறாள், கிளி ஓட்டுகிறாள், காதலிக்கிறாள். புனத்துக்கு வரி யார் கட்டினது என்று ஒரு உரையாசிரியரும் கேட்கவில்லை. பேராசிரியரிடம் ஒருநாள் கேட்டேன். சிரித்தார். ‘அது வரலாற்றுத்துறைக்காரன் கேக்க வேண்டிய கேள்விம்மா’ என்றார். நிலத்தை அழகாக்கி, நிலத்துக்காரனை மறைத்து வைக்கிற இந்தப் பழக்கம் நமக்கு ரொம்பப் பழசு. இன்றைய தற்சார்புச் சொல்லாடலும் அதே பழக்கத்தில்தான் வருகிறது. தினைக்குப் பதில் வரகு, தலைவிக்குப் பதில் வீடியோ.

எங்கள் ஊருக்கு ‘முத்து நகர்’ என்று பேர். ரயிலுக்கும் அந்தப் பேர்தான். மன்னார் வளைகுடாவில் அரசாங்கம் நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1961ஓடு முடிந்துபோனது. அதற்கு முன்னால் பாண்டியன், போர்ச்சுகீசியன், 1658க்குப் பிறகு டச்சுக்காரன், அப்புறம் வெள்ளைக்காரன், கடைசியில் நம் சர்க்கார் என்று கடலுக்கடியில் கிடந்த சிப்பிக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு முதலாளி. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினவனுக்குக் கரையில் ஒரு பங்கு. அவனும் சிப்பிக்குச் சொந்தக்காரன் ஆனதில்லை. இருக்கட்டும், அது பரதவர் கதை, அவர்கள் சொல்லணும். நான் சொல்ல வந்தது வேறு. நின்றுபோன முத்துக்கு ரயில் ஓடுகிறது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகமாக உப்பு விளைகிற இடம் எங்கள் கரை. உங்கள் இலையில் முதலில் வைக்கிறது எங்கள் பொருள். ஆனால் ‘உப்பு நகர்’ என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான். ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார், எங்கள் ஊர்க்காரர் ஸ்ரீதரகணேசன் ‘உப்பு வயல்’ எழுதினார். அதைத் தாண்டி உப்பளத்துக்காரிக்கு இலக்கியத்தில் இடம் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அளத்தில் பட்டா நிலமும் உண்டு, அரசுக் குத்தகை நிலமும் உண்டு. ரெண்டிலும் வாருகிறவள் பேர் கிடையாது. மழை வந்தால் அளம் மூடும், அடுப்பும் மூடும். அந்த மாதங்களுக்கென்று 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கவே 2022 வரை ஆகியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொள்கிறோம். நிலத்தின் கணக்கு தனி.

இந்தத் துறைமுகத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. கப்பல் என்றால் நம் பாடப்புத்தகத்துக்கு 1906இல் வ.உ.சி. ஆரம்பித்த சுதேசிக் கப்பல். பெருமைதான். அதே கரையிலிருந்து கொழும்புக்குப் போன கூலிக்கப்பல் எந்தப் புத்தகத்தில்? தட்டப்பாறையில் கூலி முகாம் வைத்து, அடைத்து, சோதித்து, தகரப்பட்டை கட்டி ஏற்றினார்கள். இலங்கைக்கு முதலில் காப்பிக்கு, பிறகு தேயிலைக்கு என்று போன சனத்தில் பெரும்பங்கு சேரிச்சனம். பஞ்சம் ஒரு காரணம். ஆண்டை இன்னொரு காரணம். கங்காணி வந்து ‘மாசியும் தேங்காயும் கிடைக்கும், மலையில வீடு குடுப்பான்’ என்று சொன்னதை நம்பி ஏறினார்கள் என்று எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் சொல்வார்கள். கிராமத்தை விட்டு ஓடினார்கள் என்கிறார் நம் பேச்சாளர். ஆமாம், ஓடினார்கள். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எழுந்து, இந்த கிராமம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று சொல்லி, அரசியல் சட்டம் கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்ததற்குச் சந்தோஷப்பட்டாரே, அந்த கிராமத்தை விட்டுத்தான் ஓடினார்கள். ஓடாமல் என்ன செய்வது, முற்றம் மெழுகுவதா?

மலையில் என்ன கிடைத்தது? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பரா. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளைச் சுத்தி மூணு நாலு தலைமுறை காடு வெட்டி, கொழுந்து கிள்ளி, அந்த நாட்டுக்கே அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தார்கள். 1948இல் சுதந்திரம் வந்த கையோடு குடியுரிமைச் சட்டம் போட்டு நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்து 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். மாட்டுத் தாவணியில்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இவர்களை ஒருத்தரும் ஒருவார்த்தை கேட்கவில்லை. அங்கேயே தங்கியவர்கள் 200 வருசம் ஆனபிறகு இன்றைக்கும் கேட்பது என்ன தெரியுமா? வீடு கட்ட ஏழு பேர்ச் நிலம். நம் கணக்கில் நாலரை சென்டுக்கும் குறைவு. அதுவும் எல்லாருக்கும் கிடைத்தபாடில்லை.

இங்கே வாருங்கள். தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறினால் அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, அதற்கு மேலே மாஞ்சோலை. 1929 பிப்ரவரி 12ஆம் தேதி சிங்கம்பட்டி ஜமீன் சுமார் 8,374 ஏக்கர் காட்டை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருசக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மலை ஏறத் தெரிந்திருக்காது. ஏறினது நம் சனம். நெல்லைச் சீமையின் சேரிகளிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் கங்காணிகள் கூட்டிப்போன ஆட்கள். அட்டைக்கடி, மலைக்காய்ச்சல், யானை, ஓயாத மழை, இத்தனைக்கும் நடுவில் காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர் ஊராக எழுந்தது. கோயில் கட்டினார்கள், சர்ச் கட்டினார்கள், பள்ளிவாசலும். லயன் வீட்டுக்குப் பின்னால் கிடைத்த முழத்தில் பீன்ஸும் சேம்பும் போட்டு, வாசலில் ரோஜா வைத்து, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். நான் 2015 வாக்கில் சங்க வேலையாகப் போய் நாலுமுக்கில் ஒரு பெரியம்மை வீட்டில் தங்கினேன். கணுக்கால் வரை குளிர். அவர்கள் அடுப்பில் வேகவைத்துத் தந்த கிழங்கின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. நம் பேச்சாளர் ஆறு ஏக்கரில் தேடுகிற வாழ்க்கையை அந்த அம்மா ஆறடியில் வாழ்ந்துகொண்டிருந்தார், ஒரு வித்தியாசத்தோடு. வேலை இருக்கும்வரைதான் வீடு.

1952இல் ஜமீன் போயிற்று. ராஜா பட்டம் போயிற்று, குத்தகை மட்டும் போகவில்லை. நிலம் சர்க்காருக்கு, தோட்டம் கம்பெனிக்கு, கூலி மட்டும் தொழிலாளிக்கு. ஜமீன்தாரி ஒழிப்பைப் பற்றி எவ்வளவு பக்கம் படித்திருப்போம்! ‘உழுபவருக்கு நிலம்’ என்று நம் தோழர்கள் சுவரெல்லாம் எழுதினார்கள். கொழுந்து கிள்ளுகிறவளும் உப்பு வாருகிறவளும் அந்த ‘உழுபவ’ருக்குள் வரவில்லை. அவர்கள் ‘தொழிலாளி’, ஆகவே கூலிப் போராட்டம் போதும். இடதுசாரித் தோழர்களை நான் மதிக்கிறேன், தடியடியில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். ஆனாலும் இந்த வாய்பாட்டை அவர்கள் இன்றுவரை திருத்தவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சரி, கூலியாவது கேட்க விட்டார்களா? 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், ஜெயிலில் போட்ட மாஞ்சோலைத் தொழிலாளர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலியில் ஊர்வலம். ஆட்சியர் அலுவலகம் கொக்கிரகுளத்தில், பக்கத்தில் தாமிரபரணி. மனுக் கொடுக்கப் போன சனத்தைப் போலீஸ் ஆற்றுக்குள் விரட்டியது. தண்ணீருக்குள் இறங்கினவர்களையும் விடவில்லை. பதினேழு பேர் செத்தார்கள். ரெண்டு பெண்கள். ஒரு பிள்ளைக்கு ஒன்றரை வயசு. அப்புறம் ஆணையம், விசாரணை, அறிக்கை. ஆற்றில் மூழ்கிச் செத்தவர்கள் எத்தனை, அடிபட்டுச் செத்தவர்கள் எத்தனை என்று கணக்கு. அந்த ஆறு அன்றைக்கு ஆளை விழுங்குகிற வெள்ளத்தில் ஓடியதாக ஊரில் ஒருத்தரும் சொல்லவில்லை. வருசா வருசம் ஜூலை 23க்கு ஆற்றில் பூப்போடப் போகிறோம். கட்சிக்கொரு நேரம் ஒதுக்கித் தருகிறது போலீஸ்.

அதற்குப் பிறகு 25 வருசம் கழித்து, குத்தகை முடிய நாலு வருசம் இருக்கும்போதே, 2024 ஜூனில் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். வீட்டையும் காலி பண்ணச் சொன்னது. வழக்குப் போனது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், அதுதான் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்திலிருந்து வந்த டான்டீ, அது இந்தத் தோட்டத்தை ஏற்று நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். 2024 டிசம்பர் 3ஆம் தேதி உயர்நீதிமன்ற மதுரைக்கிளை அப்படி உத்தரவிட மறுத்துவிட்டது. மலை காடாகணும், தொழிலாளருக்கு அரசு மறுவாழ்வு தரணும் என்பது தீர்ப்பின் சாரம்.

காட்டைக் காப்பது பற்றி ஒரு வார்த்தை. இதைச் சொன்னால் சூழலியல் நண்பர்கள் கோபிப்பார்கள். 1988இலிருந்து அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். புலிக்குக் காடு வேணும். தாமிரபரணிக்கும் வேணும், தாமிரபரணி இல்லாவிட்டால் தூத்துக்குடியில் எனக்குக் குடிதண்ணி கிடையாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். 1929இல் காடு அழியும்போது காட்டுக்கு யாரும் அழவில்லை. கம்பெனி அதில் லாபம் எடுத்த தொண்ணூற்றைந்து வருசமும் புலியும் தேயிலையும் எப்படியோ ஒத்துப்போயின. இந்த மண்ணில் எங்களுக்கும் ஒரு துண்டு கொடு என்று வெட்டினவனின் பேரன் கேட்கிற நாளில்தான் காடு புனிதமாகிறது. 2006இன் வன உரிமைச் சட்டம் பழங்குடி அல்லாதவர்களிடம் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம் காட்டில் இருந்ததற்குச் சான்று கேட்கிறது. இவர்கள் தலைமுறையை எண்ணிக் காட்டினார்கள். உடனே அடுத்த கேள்வி: கூலிக்குத் தேயிலை கிள்ளுகிறவர் காட்டை நம்பி வாழ்கிறவர் ஆவாரா? அட, கூலிக்காரனாக வைத்தது யார்? அவனாகவா ஆனான்?

அதே மலையின் அடிவாரத்தில் வாங்க ஆள் இருந்தால் பண்ணை நிலம் கிடைக்கிறது. ‘மலைக்காற்று, ஊற்றுநீர், வேலி போட்டது’ என்று விளம்பரம் பார்க்கிறேன். நகரத்திலிருந்து போய் அங்கே குடியேறுகிறவர் ‘இயற்கையோடு இணைந்தவர்’. மலையில் பிறந்தவர் ஆக்கிரமிப்பாளர். ரெண்டு பேருக்கும் நடுவில் இருப்பது உழைப்போ சோம்பேறித்தனமோ கிடையாது, ஒரு பத்திரத்தாள்.

பத்திரத்தாள் எங்களுக்கும் ஒருகாலத்தில் எழுதினார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனையே மிராசுதாருக்குச் சொந்தம், ஆகவே எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டு இறக்கிவிடுவான், இந்த ஒன்றை வைத்தே அடிமையாக்கி வைத்திருக்கிறான் என்பதை அந்த வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான். மனையும் நிலமும் கொடுக்கணும் என்றான். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிறோமே, அது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் பஞ்சமருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. இன்று அந்த நிலங்கள் யார் கையில் என்று தாலுகா ஆபீசில் கேட்டுப் பாருங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு எழுந்து போவார்கள். 1994இல் காரணையில் தங்கள் பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்து மீட்கப் போனவர்களில் ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரை அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. கூட்டத்தில் நம் பேச்சாளர் வாங்கிய ஆறு ஏக்கர் பஞ்சமி நிலம் என்று நான் சொல்லவில்லை. அவரும் சர்வே நம்பரைப் போட்டு 1892இலிருந்து பார்த்துவிட்டு வாங்கினேன் என்று சொல்லவில்லை.

‘சரி, சம்பாதித்து வாங்கிக்கோயேன், யார் வேண்டாம்னா’ என்பார்கள். சம்பாதித்துப் பார்த்தோம். எங்கள் மாவட்டத்தில் கொடியன்குளம் என்று ஒரு ஊர். வளைகுடா நாடுகளுக்குப் போய் வெயிலில் வெந்து, அனுப்பின காசில் மச்சு வீடு கட்டினார்கள். டி.வி. வாங்கினார்கள், பிள்ளைகளைப் பட்டம் படிக்க வைத்தார்கள். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாத ஊர். 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி சுமார் 600 போலீஸ் உள்ளே புகுந்தது. கதவை உடைத்தார்கள், டி.வி.யை உடைத்தார்கள், ஆட்டுரலை உடைத்தார்கள், அரிசியில் மண்ணைக் கலந்தார்கள். பாஸ்போர்ட்டையும் பள்ளிச் சான்றிதழையும் தேடி எடுத்துக் கொளுத்தினார்கள். குடிக்கிற கிணற்றை நஞ்சாக்கினார்கள் என்று ஊர் சொன்னது. எனக்கு அப்போது நாலு வயசு. எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருத்தர் கரிந்த காகிதத்தை மடியில் கட்டிவைத்திருந்தது மட்டும் ஞாபகம். அவர்கள் தேடி வந்தது ஆளை மட்டும் என்றால் ஆட்டுரலை ஏன் உடைக்கணும்? பாஸ்போர்ட்டை ஏன் எரிக்கணும்? கடும் உழைப்பில் எழும்பின வீட்டைப் பார்த்த எரிச்சல் அது. உழைப்பின் மகிமை பேசுகிறவர்கள் ஒருதடவை கொடியன்குளத்தில் கூட்டம் போட்டுப் பேசிக் காட்டட்டும்.

நம் ஆட்களையும் விட்டுவைக்க எனக்கு மனசில்லை. நம் வாலிபப் பிள்ளைகள் சிலர் ‘நாங்க ஆண்ட பரம்பரை, வயலே எங்களது’ என்று வாளும் ஏரும் போட்டுப் பேனர் வைக்கிறார்கள். அந்தப் பேனர் நட்ட குழிகூட ரோட்டுப் புறம்போக்கு. ஆண்டோமோ இல்லையோ, இன்றைக்கு உன் அம்மைக்கு முருங்கை நட இடம் உண்டா? அதைக் கேட்டால் முகம் சுருங்குகிறது. படித்து வேலைக்குப் போன நாங்களும் யோக்கியம் இல்லை. இட ஒதுக்கீடு, வேலை, பதவி உயர்வு என்று பேசிப் பேசி, பஞ்சமி நிலத்தை ஆண்டுக்கொரு கருத்தரங்கத்தில் ஒரு அமர்வாக ஆக்கிவிட்டோம். நானே ரெண்டு கட்டுரை வாசித்திருக்கிறேன். ஒரு சென்ட் மீளவில்லை.

‘தற்சார்பு’ நல்ல வார்த்தை. அதை அவர்களிடமே விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. கோழியும் முருங்கையும் கறவை ஆடும் எங்கள் பெண்களுக்குப் பொழுதுபோக்கு கிடையாது. கூலி இல்லாத நாளில் கஞ்சிக்குத் தொட்டுக்க, சீக்கு வந்தால் விற்க, ஆம்பிளை குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு அடுப்பெரிய. பின்வாசல் நாலு முழம் இருக்கிற பொம்பிளை, கங்காணி ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் நாளைக்கு வரலை என்று சொல்ல முடியும். திரமென்ஹீருக்குப் புரிந்தது அதுதான். நம் வீட்டுவசதிக்காரர்களுக்கு இன்னும் புரியவில்லை. மலையிலிருந்து இறக்குகிறவனுக்கும், கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்துகிறவனுக்கும், உப்பளத்துப் புறம்போக்கில் கிடக்கிறவளுக்கும் ஒரே மருந்தாக மூணாம் மாடியில் ஒரு அறை கொடுக்கிறார்கள். சிமெண்டுத் தரையில் கோழி எங்கே கிளறும்? சாவியை வாங்கின கையோடு மாதப் பராமரிப்புப் பணம் கட்டச் சொல்லிச் சீட்டு வேறு.

நாலுமுக்குப் பெரியம்மை இப்போது கீழே இறங்கிவிட்டார்கள். மகளோடு தூத்துக்குடியில் வாடகை வீடு. வீடு தேடி அலைந்தபோது நானும் கூடப் போனேன். மூணு தெருவில் ‘எந்தப் பக்கத்து ஆளுங்க’ என்று கேட்டார்கள். மாஞ்சோலை என்றால் உடனே தெரிந்துவிடுகிறது, ஜூலை 23ஐ டி.வி.யில் பார்த்திருக்கிறார்களே. நாலாவது தெருவில்தான் கிடைத்தது. மகள் மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறாள், ஐஸில் விரல் மரத்துப்போகிறது என்கிறாள். பெரியம்மை மேலே இருந்து எண்ணெய் டின்னில் வைத்துக் கொண்டுவந்த ரோஜா ரெண்டு மாசத்தில் கருகிவிட்டது. “இந்த ஊரு தண்ணி அதுக்குச் சேரல, தாயி” என்றார்கள். குளிர் பழகின உடம்பு, மதியம் முழுக்க ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் இருக்கிறார்கள். உழைக்க மறந்தவர்கள்!

கூட்டத்துக்கு வந்த அக்காவுக்கு மனு எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. உப்பளத்துப் பெண்கள் இருபத்தாறு பேர், குடியிருக்கிற புறம்போக்குக்குப் பதிலாக நல்ல தரையில் ஆளுக்கு மூணு சென்ட், பெண்கள் பேரில் பட்டா. சர்வே நம்பரோடு எழுதினேன். அருகில் காலியாகக் கிடக்கிற அரசு நிலத்தையும் குறிப்பிட்டேன். படித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். மூணு சென்ட் வந்ததும் அந்த அக்கா நிறுத்தினார்.

“மூணு எதுக்குட்டி? அஞ்சுன்னு போடு.”

மூணு சென்ட் கேட்டாலே இழுத்தடிப்பார்கள், அஞ்சு என்றால் மனுவையே தூக்கிப்போட்டுவிடுவார்கள் அக்கா, என்றேன்.

“மூணுல வீட்டக் கெட்டுனா முருங்க வைக்கத்தான் எடம் இருக்கும். நான் தென்ன வைக்கணும். மாடு கெட்டணும். அஞ்சுன்னே எழுது, தூக்கிப் போட்டா மறுபடி எழுதிக்கிடலாம், ஒனக்கு என்ன, எம்மே படிச்சிருக்கல்லா.”

அடித்துவிட்டு அஞ்சு என்று எழுதினேன். இருபத்தாறு பேரில் பதினொன்று கையெழுத்து, பதினைந்து ரேகை. வருசக்கணக்கில் உப்புக் கரைத்த விரல்களில் ரேகை சரியாக விழவில்லை, நாலு பேருக்கு ரெண்டு மூணு தடவை வைக்க வேண்டியிருந்தது. மனுவைக் கொடுத்து ஒன்பது மாசம் ஆகிறது.